வெறும் பெட்டியாகப் போகக் கூடாது

டைப் அடிக்கிறவள் படிக்கக் கூடாது என்பது கயல்விழி தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்த ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு ரிப்போர்ட் அடிக்கும் வேலை. அந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் அவள் விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போயின. மில்லுக்காரருக்குக் கல்லீரல் கெட்டிருப்பது, கல்யாணம் பேசி முடித்த மாப்பிள்ளைக்குச் சொல்லக்கூடாத சீக்கு இருப்பது எல்லாம் அவள் கண்ணில் படும். பட்டதை அங்கேயே போட்டுவிட்டுச் சாயங்காலம் போத்தனூர் பஸ்ஸில் ஏறிவிடுவாள். பக்கத்து சீட்டில் அதே மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தாலும் அவள் முகத்தில் எதுவும் தெரியாது. ஊர் வாயை மூட முடியாத ஊரில் இப்படி ஒருத்தி இருந்தாள். அவள் விஷயத்தில் ஊர் வாய் என்ன செய்தது என்பதுதான் கதை.

சத்தியமங்கலம் பக்கம் தோட்ட வேலை செய்த குடும்பம் அவளுடையது. வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள், டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியவள், செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவள் எல்லாம் அவள்தான். கட்டிக்கொண்ட வேலுமணி, ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய்த் தண்ணீருக்குப் போர் போடுகிறவன். ஆந்திரா என்பான், ஒரிசா என்பான், பொங்கலுக்கும் ஆடிக்கும் வருவான். நல்ல மனுஷன், வரும்போதெல்லாம் மகள் யுவஸ்ரீக்கு ரப்பர் வளையல் வாங்கி வருவான். ஒரு ஆடிக்கு இருமிக்கொண்டு வந்தவன் திரும்பப் போகவே இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். பிறகு கயல்விழியைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க ரத்தத்தையும் பார்த்து, பேரு போட்ட ரிப்போர்ட்டாக் கொண்டுட்டு வாங்க" என்றார்கள்.

அவள் வேலை பார்த்த லேபிலேயே ரத்தம் கொடுத்தாள். டெக்னீஷியன் தாஜுன்னிசா அவளுக்கு அக்கா மாதிரி. முடிவு வந்ததும் தாஜுன்னிசா சீட்டை அவள் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். வருகிற சீட்டை எல்லாம் அடிப்பது கயல்விழியின் வேலைதானே, இதையும் அடித்தாள். தன் பெயர், வயது, கீழே எச்.ஐ.வி., அதற்கு நேராக 'ரியாக்டிவ்', கிருமி இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குத்தான் முதன்முதலாக அடித்ததைப் படித்தாள். சேமித்த பிறகு புருஷன் பெயர் விட்டுப்போனது தெரிந்தது. திரும்பத் திறந்து அதையும் சேர்த்து அச்செடுத்தாள். லேபின் முதலாளி டாக்டர் தனபால், வெறும் லெட்டர்ஹெட்டில் கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போகிறவர். அதனால் அவர் கண்ணுக்கு அது போகவே இல்லை. அன்றைக்கே கம்ப்யூட்டரில் இருந்த ஃபைலை அழித்தாள். தாஜுன்னிசா யுவஸ்ரீக்கும் பார்த்தாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. "இதையாவது அடிக்காம உடு கயலு, நல்லதோ கெட்டதோ எழுத்துல இருக்க வேண்டாம்" என்றாள். சரியென்றுதான் பட்டது.

வேலுமணி செத்ததை ஊருக்கு டி.பி. என்று சொன்னாள். ஊரும் நம்பியது. அந்தச் சீக்குக்கு அப்போது மருந்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, இருந்ததும் இவளைப் போன்றவர்கள் கைக்கு எட்டாது. தனக்கு எத்தனை வருஷம் என்று யாரையும் அவள் கேட்கவில்லை. தனக்காக அழுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அவள் கணக்குப் போட்டதெல்லாம் மகளுக்காக. தான் போன பிறகு யுவஸ்ரீ எங்கே சாப்பிடும், எங்கே தூங்கும் என்ற கேள்வி மட்டும் மடியில் நெருப்பாக இருந்தது.

அதற்கு வழி காட்டியவர் தனபாலின் அம்மா ராசாத்தாள். லேபின் பின்கட்டுதான் அவர்கள் வீடு. ராசாத்தாளின் மகள் பிரவீனாவைப் போத்தனூரில் பள்ளிக்கூடம் நடத்தும் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். அங்கே பெண் பிள்ளைகளுக்கு ஹாஸ்டலும் உண்டு. ராசாத்தாள் ஒரு வார்த்தை சொல்லி யுவஸ்ரீயை எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டார். "ஒன்னாவது வந்தொடனே ஆஸ்டல்லயும் போட்டுக்கலாங் கண்ணு. தகப்பனில்லாத புள்ளை, நம்ம ஊட்டுப் புள்ளையாட்டம் பாத்துக்குவாங்க" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கயல்விழி உயிரோடு இருந்தாள் என்றால் மிகையில்லை. ஒன்றாம் வகுப்பு வரை தான் நிற்க வேண்டும், விஷயம் வெளியே போகக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறில் தனபால் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழையதை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. "எதுக்கு வெளிய தள்ளோணும்? பிரவீனா பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துப்போடு" என்றார் ராசாத்தாள். புதியதை மாட்ட வந்த காந்திபுரத்து பாலகோபாலிடம் கயல்விழி பட்டும் படாமலும் கேட்டு வைத்தாள்.

"ஏனுங்க, பழசுல இருக்கற ரிப்போர்ட்டையெல்லாம் அழிச்சுப்போட்டா போயிருமல்லங்க?"

பாலகோபால் சிரித்தான். "எங்கீங்க சிஸ்டர் போகுது? டெலிட் பண்ணுனா பேரு மட்டுந்தான் போகும். வாசல்ல இருக்கற பேர்ப்பலகையக் கழட்டிப்போட்டா ஆளு காலி பண்ணிட்டான்னு அர்த்தமுங்களா? உள்ள உக்காந்து சோறு தின்னுட்டுத்தான் இருப்பான்."

சொன்னதோடு விடாமல் செய்தும் காட்டினான். காலையில் அவள் அழித்த யாரோ ஒருவருடைய ரிப்போர்ட்டின் பெயர், முதல் எழுத்து மட்டும் இல்லாமல் திரையில் வந்து நின்றது. அந்த எழுத்தைத் தட்டினான். முழு ரிப்போர்ட்டும் அப்படியே வந்தது.

"அதுபோக, ஒருக்கா சேவ் பண்ணுனதைத் திருத்தி மறுக்கா சேவ் பண்ணுனீங்கன்னா, பழசை இது தனியா பேக்-னு ஒன்னா எடுத்து வெச்சுக்குமுங்க. ஆரும் அதைப் பாக்கறதே இல்லை."

அவன் போன பிறகு தேடிப் பார்த்தாள். இருந்தது. புருஷன் பெயரைச் சேர்ப்பதற்காகத் திரும்பத் திறந்த நாளில், முதல் பிரதியைக் கம்ப்யூட்டர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தது. அழிக்கப்படாமல், ஒளிக்கப்படாமல், அவள் பெயரிலேயே இத்தனை நாளாக அங்கே உட்கார்ந்திருந்தது. யார் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம். தாஜுன்னிசா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் பாலகோபாலுக்கு போன் போட்டு, அடியோடு போக என்ன வழி என்று கேட்டாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, அந்த அளவுக்கு நல்லவன். "அதும்மேல வேற எதையாச்சும் எழுதோணுமுங்க. இடமே இல்லீங்கற வரைக்கும் எதையாச்சும் போட்டு ரொப்புங்க. அப்பறம் அதை அழிச்சுப்போட்டீங்கன்னா, அடியில இருந்தது போனது போனதுதானுங்க."

ஞாயிற்றுக்கிழமை லேபுக்கு வந்தாள். ரிப்போர்ட்டுகள், பேக்குகள் எல்லாவற்றையும் அழித்தாள். பிறகு எதைப் போட்டு நிரப்புவது என்று யோசித்தாள். பெயர் இல்லாத ஒரு ரிப்போர்ட் அடித்தாள். சர்க்கரை சரி, உப்பு சரி, ரத்தம் சரி, கடைசி வரியில் 'நான்-ரியாக்டிவ்', அதாவது கிருமி இல்லை. அதைக் காப்பி எடுத்து, காப்பியைக் காப்பி எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாக்கி, திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தாள். மத்தியானம் போய் வெயில் சாய்ந்தபோது, இனி இடமில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பாலகோபால் காட்டிய மாதிரியே தோண்டிப் பார்த்தாள். வந்ததெல்லாம் அந்த நல்ல ரிப்போர்ட்தான். ஒரு சீக்கும் இல்லாத யாரோ ஒருத்தியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதாள். வேலுமணி செத்த பிறகு அவளுக்குக் கிடைத்த நிம்மதியான நாள் அது ஒன்றுதான்.

ஒரு உறுத்தல் மட்டும் பாக்கி இருந்தது. மாசக் கடைசியில் தனபால் கம்ப்யூட்டரில் இருப்பதை எல்லாம் ஃப்ளாப்பியில் எடுத்து அம்மாவிடம் கொடுப்பார். அவள் அறியாமல் கிடந்த அந்தப் பேக்கும் அதோடு போயிருக்கும். ராசாத்தாள் அதை டப்பாவோடு பீரோவில், பட்டுச் சேலைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டுவார். நகையும் பத்திரமும் வைக்கிற இடத்தில் அதுவும் இருந்தது.

"பழைய ஃப்ளாப்பியெல்லாம் பூஞ்சணம் புடிச்சுருமுங்கம்மா. குடுத்தீங்கன்னா ஒருக்காப் பாத்துப்போட்டுத் தந்தறேனுங்க" என்று கேட்டுப் பார்த்தாள்.

"நானு கற்பூரம் போட்டு வெச்சிருக்கறங் கண்ணு. ஒன்னும் ஆகாது."

அதற்கு மேல் கேட்டால் சந்தேகம் வரும். பீரோவுக்குள் கிடப்பது ராசாத்தாளின் காலம் வரைக்கும் கிடக்கும், தன் காலம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்து வேன் வந்தது. கம்ப்யூட்டரை அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தினார்கள். ராசாத்தாள் குளித்து நெற்றி நிறையத் திருநீறு பூசி, தட்டோடு வந்து நின்றார். "உள்ள என்ன இருக்குது கண்ணு?" என்றார்.

கயல்விழிக்கு அன்று மனசு லேசாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், கேட்டதற்கு உண்மையைச் சொன்னாள். "ஒன்னுமே இல்லீங்கம்மா. சுத்தமாத் தொடைச்சுப்போட்டேன்."

ராசாத்தாளின் முகம் மாறிவிட்டது. "என்ன அம்மணி, இப்படிப் பண்ணிப்போட்டே? பக்கத்து ஊட்டு ஏனத்தைத் திருப்பிக் குடுத்தாலே ஒரு புடி சக்கரையாச்சும் போட்டுத்தான குடுக்கறோம்? மக ஊட்டுக்குப் போற சாமான், அதும் வெள்ளிக்கெழம. வெறும் பொட்டியாவா போறது?"

"சர்க்கரையோ மஞ்சளோ வெச்சு உடுங்கம்மா."

"அது வெளிய வெக்கறது. உள்ள எழுத்தில்லாமப் போகலாமா? ஆகி வந்த மிசினு. இது வந்த பொறகுதான் லேபே தழைச்சுது."

திரும்பி வீட்டுக்குள் போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வரும்போது தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், அச்சு வெல்லம், நடுவில் ஃப்ளாப்பி டப்பா.

கயல்விழி தட்டுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "அது நோயாளிங்க கணக்குங்கம்மா. வெளிய குடுக்கக்கூடாதுங்க" என்றாள்.

"வெளிய ஆருக்குக் குடுக்கறோம்? என்ற மகளுக்குத்தான குடுக்கறன்." டப்பாவுக்குப் பொட்டு வைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"வேணாமுங்கம்மா. பள்ளிக்கூடத்துப் பசங்க பேரையெல்லாம் நானே அடிச்சு உள்ள வெச்சுத் தந்தறேனுங்க. அப்ப வெறும் பொட்டியா இருக்காதுங்களே."

"அதும் நல்லதுதான். அங்க போயி அடிச்சுக் குடு கண்ணு. பிரவீனா சந்தோசப்படுவா." வேன் கிளம்பிவிட்டது. தாஜுன்னிசா வாசலிலேயே நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தனபால் உள்ளே மைக்ராஸ்கோப்பில் யாருடைய ரத்தத்தையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். எதைச் சொல்வது?

மறுநாள் சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பிரவீனா நல்ல மாதிரிதான், காப்பி கொடுத்தாள், ஃபேன் போட்டாள். கயல்விழி ஒவ்வொரு வகுப்பாகப் பிள்ளைகளின் பெயரை அடித்தாள். எல்.கே.ஜி.யில் யுவஸ்ரீயின் பெயரை அடிக்கும்போது விரல் கொஞ்சம் நின்று போயிற்று. கண் மட்டும் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தது. பொட்டு வைத்து வந்த பொருள் என்று அதைப் பிரவீனா ஆபீஸ் அறையில் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். பிரவீனா எழுந்து போகவில்லை. ஒரே ஒரு தடவை போனபோதும் ஆயாவை உட்கார வைத்துவிட்டுப் போனாள். ஆயா கண் கொட்டாமல் திரையையே வேடிக்கை பார்த்தாள்.

"அந்த ஃப்ளாப்பியெல்லாம் பழசுங்க மேடம். அதைப் போட்டீங்கன்னா மிசின் கெட்டுப்போகும். நான் எடுத்துட்டுப் போயறேனுங்களே?" என்று கிளம்பும்போது கேட்டாள்.

"அம்மா ஆசையாக் குடுத்துவிட்டதுங்க, இருக்கட்டும்" என்றாள் பிரவீனா.

ஞாயிற்றுக்கிழமை பிரவீனாவுக்கும் அவள் புருஷனுக்கும் பொழுது போகவில்லை. புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் நோண்டிப் பார்க்காமல் யார் இருப்பார்கள்? ஃப்ளாப்பியை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். தெரிந்தவர்கள் பெயரெல்லாம் வந்தது. பெரியப்பாவுக்குச் சர்க்கரை இவ்வளவா, அந்த மில்லுக்காரருக்கு இப்படியா என்று நேரம் போனதே தெரியாமல் படித்தார்கள். அதில் ஒன்று கயல்விழி என்று இருந்தது.

திங்கட்கிழமை காலையில் யுவஸ்ரீயை வகுப்பில் விட்டுவிட்டுத் திரும்பியவளை ஆயா வந்து கூப்பிட்டாள். கூப்பிட்ட ஆயா எட்டி நின்றே கூப்பிட்டாள். கயல்விழிக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். பிரவீனா எழுந்து நின்று, "வாங்க கயலு, உக்காருங்க" என்றாள். உட்காரச் சொன்ன ஸ்டூல் வழக்கமான இடத்தில் இல்லை, கதவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"ஒன்னும் நெனச்சுக்காதீங்க கயலு. உங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கோணும்னு பாக்கலீங்க. அதுவா கண்ணுல பட்டுருச்சு. அந்த ஃப்ளாப்பிய அடுப்புல போட்டுட்டோம். ஆருகிட்டயும் சொல்லமாட்டோமுங்க." சொல்லும்போதே ஜன்னலுக்கு வெளியே ஆயா, கிளார்க்கின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்கு ஒன்னும் இல்லீங்க மேடம். டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சுங்க" என்றாள் கயல்விழி. தன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"அப்படீங்களா? ரிப்போர்ட் இருக்குதுங்களா?"

இல்லை. கெட்டது அத்தனை இடத்தில் அழியாமல் கிடந்தது. நல்லதை எழுதவே இல்லை. "இன்னைக்கே மறுக்கா எடுத்துத் தாரேனுங்க" என்றாள்.

பிரவீனா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "எடுத்தாலும் ஆருங்க கேக்கறாங்க? ஒருத்தரு புள்ளையக் கூட்டிட்டுப் போனா அத்தனை பேரும் கூட்டிட்டுப் போயிருவாங்க. மாமனாரு ஒரே புடியா நிக்கறாருங்க. டி.சி. நல்லவிதமாவே எழுதித் தரச் சொல்லிட்டேன். அம்மாவுக்கும் போன் பண்ணிட்டேன்." அம்மாவுக்குப் போன் போயிற்று என்றால் லேப் வேலையும் போயிற்று என்று அர்த்தம். அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டிய தேவை கயல்விழிக்கு இருக்கவில்லை.

கையெடுத்துக் கும்பிட்டாள். ஒன்றாம் வகுப்பு வரைக்குமாவது, ஹாஸ்டலில் தனி மூலையிலாவது என்று ஏதேதோ சொன்னாள். அவள் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. பிரவீனாவும் அழுதாள். அழுதுகொண்டே மேஜை மேல் இருந்த டி.சி.யை ஸ்கேலால் அவள் பக்கம் தள்ளினாள்.

கயல்விழி எழுந்தபோது பிரவீனா தயங்கித் தயங்கி, "இன்னொன்னுங்க கயலு" என்றாள். "நீங்க அடிச்சு வெச்ச லிஸ்டுல பாப்பா பேரு இருக்குதுங்களே. கிளார்க்குக்கு அதுல கை வராது. நீங்களே அதை மட்டும் எடுத்துப்போட்டுப் போயிருங்க."

கயல்விழி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். எல்.கே.ஜி. பட்டியலைத் திறந்தாள். மகள் பெயர் இருந்த வரிக்கு வந்து நின்றாள். ஒரு வரியை எடுக்க இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் போதும். அழுத்தினாள். கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு வரி மேலேறி வந்து நின்றுகொண்டன. யாரையோ எடுத்த இடம் என்று தெரியவே இல்லை. சேமித்தாள். பழைய பட்டியல் பேக்காகப் போய் நின்றிருக்கும் என்று ஞாபகம் வந்து, அதையும் தேடி எடுத்து அழித்தாள். வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அரைகுறையாக விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பிரவீனா எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அழிச்சதை மறுக்கா எடுக்கலாமுன்னு எங்கூட்டுக்காரர் சொன்னாருங்க. நாளைக்கு ஆராச்சும் பாத்தா, இந்தப் புள்ளை இங்கதான் படிச்சுதான்னு கேப்பாங்க. அது திரும்பி வராதுங்களே?"

"வராம இருக்க வழி இருக்குதுங்க மேடம். கொஞ்ச நேரம் ஆகும்" என்றாள் கயல்விழி. ஒரு வெறும் ஃபைலைத் திறந்து, பக்கம் முழுக்கப் புள்ளியாக அடித்து, அதைக் காப்பி எடுத்து, காப்பியைக் காப்பி எடுத்து, டிஸ்க்கை நிரப்ப ஆரம்பித்தாள்.